போரில் இறந்த ஐரிஷ் வீரரின் உயிலைக் கொண்டு குடும்ப வரலாற்றைத் தேடும் முறை

முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படையில் சேர்ந்து உயிரிழந்த அயர்லாந்துக்காரர்களில் பெரும்பாலோர் சொந்த நிலமோ வீடோ இல்லாத உழைப்பாளிகள். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், பண்ணைக் கூலிகள், வேலை தேடி நகரத்துக்கு வந்த இளைஞர்கள் ஆகிய இவர்களுடைய பெயர்கள் சொத்துப் பத்திரங்களில் வர வாய்ப்பே இல்லை. ஆனால் போர்முனைக்குப் போகும் முன்போ போன பின்போ இவர்களில் பலர் ஒரு தாளில் உயில் எழுதினார்கள். அவற்றில் ஏறத்தாழ 9,000 உயில்கள் டப்ளினிலுள்ள அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. அவற்றின் படங்களை இணையத்தில் யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

இந்தத் தொகுப்பின் அருமை அயர்லாந்தின் ஆவண வரலாற்றை அறிந்தவர்களுக்குத் தெரியும். 1922-இல் உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தபோது பல நூற்றாண்டு உயில்களும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கக் கணக்கெடுப்பு ஏடுகளும் சாம்பலாயின. அத்தகைய நாட்டில், சொத்தில்லாத ஒரு கூலித் தொழிலாளியின் கையெழுத்தோடு, அவர் யாரைத் தன்னுடையவர் என்று கருதினார் என்பதைச் சொல்லும் ஒரு தாள் கிடைப்பது பெரிய பேறு. அயர்லாந்தில் குடியேறி அங்குள்ள குடும்பங்களோடு மண உறவு கொண்ட தமிழர்களுக்கும், ஐரிஷ் வீரர்களின் வழிவந்த சென்னை ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கும் இந்தத் தேடல் நேரடியாகப் பயன்படும்.

இந்த உயில்கள் எப்படி உருவாயின

1837-ஆம் ஆண்டின் உயில் சட்டப்படி, 21 வயது நிரம்பியவர்தான் உயில் எழுத முடியும். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். ஆனால் அதே சட்டத்தின் 11-ஆம் பிரிவு, போர்ப் பணியில் இருக்கும் படைவீரருக்கு இந்தக் கட்டுப்பாடுகளிலிருந்து விலக்கு அளித்தது. சாட்சி இல்லாமல் எழுதினாலும், வாய்மொழியாகச் சொன்னாலும்கூட அது செல்லும். 21 வயது நிரம்பாத வீரருக்கும் இந்த உரிமை உண்டு என்பதை 1918-இல் வந்த தனிச் சட்டம் ஐயமின்றி உறுதிசெய்தது.

ஒவ்வொரு வீரரும் போர்முனையில் தம்மிடம் வைத்திருந்த சம்பளப் புத்தகத்தில் உயிலுக்கென்றே பக்கம் ஒதுக்கப்பட்டிருந்தது. எப்படி எழுத வேண்டும் என்பதற்கான மாதிரி வாசகமும் அதில் அச்சிடப்பட்டிருந்தது. ஆகவே, 'நான் இறக்க நேர்ந்தால் என் உடைமைகள் அனைத்தையும் என் தாயாருக்கு அளிக்கிறேன்' என்ற பொருளில் ஒரே வாசகம் நூற்றுக்கணக்கான உயில்களில் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். அந்த வாசகத்தை வைத்து எழுதியவரின் மனநிலையையோ நடையையோ ஊகிக்க முயல வேண்டாம். அது பார்த்து எழுதியது. அவருக்கே உரியவை நான்குதான்: பெறுபவரின் பெயர், முகவரி, தேதி, கையெழுத்து. நம் தேடல் முழுவதும் இந்த நான்கைச் சுற்றியே நடக்கும்.

வீரர் இறந்த பின் உயில் லண்டனிலுள்ள போர்த்துறை அலுவலகத்துக்குச் சென்றது. அவருக்குச் சேர வேண்டிய சம்பளப் பாக்கியையும் உடைமைகளையும் யாரிடம் கொடுப்பது என்பதை அதைக் கொண்டுதான் முடிவு செய்தார்கள். அதனால் இன்று நீங்கள் ஒரு கோப்பைத் திறந்தால், முதலில் வருவது பெரும்பாலும் ஓர் உறைத்தாள். அதன் ஓரத்தில் வீரரின் பெயர், எண், படைப்பிரிவு ஆகியவை இருக்கும். உள்ளே உள்ள ஆவணம் அவர் போர்ப் பணியில் இருந்தபோது எழுதியதாகத் தெரிகிறது என்றும், போர்த்துறை அதைச் செல்லத்தக்க உயிலாக ஏற்றுக்கொண்டது என்றும் அச்சிட்ட வாசகம் சான்று கூறும். அதற்கு அடுத்துத்தான் உயில் வரும். சம்பளப் புத்தகத்திலிருந்து பிரித்தெடுத்த சிறு தாளாக, பென்சிலாலோ மையாலோ எழுதியதாக இருக்கும்.

சில கோப்புகளில் உயிலுக்குப் பதிலாக ஒரு கடிதம் இருக்கும். வீட்டுக்கு எழுதிய கடிதத்தில், 'எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் எல்லாம் உனக்குத்தான் அம்மா' என்பது போன்ற ஒரு வரி இருந்தால், அதையே உயிலாக ஏற்றுக்கொண்டார்கள். குடும்ப வரலாற்றைத் தேடுபவருக்கு இதைவிடச் சிறந்த ஆவணம் வேறில்லை என்பேன். அந்த ஒரு வரிக்கு முன்னும் பின்னும் தங்கையின் பெயர், பக்கத்து வீட்டுக்காரரின் நலம், ஊருக்கு வரப்போகும் உறவினர், அதே படையில் இருக்கும் சித்தப்பா மகன் என்று வேறு எந்தப் பதிவேட்டிலும் ஏறாத செய்திகள் கிடக்கும். அத்தகைய கடிதத்தை முழுவதும், ஒரு சொல் விடாமல் படியெடுத்துக்கொள்ளுங்கள்.

தேடத் தொடங்கும் முன்

பெயரை மட்டும் வைத்துக்கொண்டு உயில் பட்டியலில் இறங்கினால் தவறான ஆளைப் பிடித்துக்கொள்ளும் வாய்ப்பு மிகுதி. அயர்லாந்தில் பேட்ரிக் மர்ஃபி, ஜான் கெல்லி போன்ற பெயர்களில் ஒரே படைப்பிரிவிலேயே பலர் இருந்தார்கள். முதலில் படைப்பிரிவையும் வீரர் எண்ணையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். அந்த எண் அந்தக் காலத்தில் ஒரு படைப்பிரிவுக்குள் மட்டுமே செல்லுபடியாகும் எண். வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டவருக்குப் புதிய எண் கிடைத்திருக்கும்.

இதற்கு எளிய வழி காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியல். இரு உலகப்போர்களிலும் இறந்த ஏறத்தாழ 17 லட்சம் பேரின் விவரங்கள் அதில் இலவசமாக உள்ளன. பல பதிவுகளில் பெற்றோர் பெயரும் ஊரும் கூடுதல் குறிப்பாக இருக்கும். அந்த முகவரி போருக்குப் பின் குடும்பத்தார் கொடுத்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள். 1911 கணக்கெடுப்பில் ஒரு முகவரி, உயிலில் ஒரு முகவரி, ஆணையத்தின் பதிவில் இன்னொரு முகவரி என்று மூன்று இருந்தால், அவை முரண்பாடுகள் அல்ல. அந்தக் குடும்பம் இடம்பெயர்ந்த வழி அதில்தான் தெரிகிறது.

1923-இல் எட்டுத் தொகுதிகளாக வெளியான அயர்லாந்து நினைவேடுகளிலும் தேடலாம். அவற்றில் 49,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. ஆனால் ஐரிஷ் படைப்பிரிவுகளில் பணியாற்றிய பிற நாட்டவரும் அதில் சேர்க்கப்பட்டுள்ளனர். அதில் பெயர் இருப்பதாலேயே ஒருவர் ஐரிஷ்காரர் என்று முடிவு கட்டக் கூடாது.

அயர்லாந்துக்காரரின் உயில் அயர்லாந்தில்தான் இருக்கும் என்பதும் உறுதியில்லை. வேலை தேடி லிவர்பூலுக்கோ கிளாஸ்கோவுக்கோ போய் அங்கேயே படையில் சேர்ந்தவர் பலர். டப்ளின் தொகுப்பில் இல்லையென்றால் மற்ற இரண்டு தொகுப்புகளையும் பார்த்துவிடுங்கள். ஸ்காட்லாந்து தேசிய ஆவணங்கள் நிறுவனத்திடம் ஏறத்தாழ 31,000 படைவீரர் உயில்கள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ 26,000 முதல் உலகப்போரைச் சேர்ந்தவை. 'ஸ்காட்லண்ட்ஸ் பீப்பிள்' தளத்தில் அவற்றைத் தேடலாம். இங்கிலாந்து, வேல்ஸ் வீரர்களின் உயில்களை அரசின் உயில் தேடல் சேவை கட்டணத்துக்கு அளிக்கிறது; 2013-இல் அந்தத் தொகுப்பு முதன்முதலில் இணையத்துக்கு வந்தபோது ஏறத்தாழ 2,30,000 உயில்கள் அதில் இருந்தன.

அதிகாரிகளின் உயில்களை இந்தத் தொகுப்புகளில் தேடுவதில் பெரும்பாலும் பயனில்லை. அவர்களுடைய சொத்து வழக்கமான நீதிமன்ற நடைமுறைப்படியே வாரிசுகளுக்குச் சென்றது. 1858 முதல் அச்சிடப்பட்ட ஐரிஷ் உயில் அட்டவணைகள் 1922 தீயிலும் தப்பியவை. அவையும் அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாக உள்ளன.

உயிலைப் படிப்பது

படத்தைத் திறந்ததும் முதலில் உள்ளதை உள்ளபடி எழுதிக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழைகளைத் திருத்த வேண்டாம். ஊர்ப்பெயரை வீரர் தம் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அந்தப் பிழையே அந்தப் பெயரை ஊரார் எப்படி உச்சரித்தார்கள் என்பதற்குச் சான்று. அயர்லாந்தில் 60,000-க்கும் மேற்பட்ட சிற்றூர்ப் பிரிவுகள் உள்ளன; ஒரே பெயரில் பல இருக்கும். அதனால் சிற்றூரோடு பங்கு (ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த வட்டாரம்), கவுண்டி (மாவட்டம் போன்ற பெரும்பிரிவு) ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்த பிறகே இடத்தை உறுதிசெய்ய வேண்டும்.

கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போன்ற ஒரு கோடு மட்டும் இருந்தால், உயிலை வேறொருவர் எழுதித் தந்திருக்கிறார் என்று பொருள். 1911 கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரியுமா என்ற கேள்விக்கு வீட்டார் தந்த பதிலோடு அதை ஒப்பிடுங்கள். சாட்சிகள் இருந்தால் அவர்களையும் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் உடன் பணியாற்றியவர்கள்தான் என்றாலும், ஒரே ஊர்க்காரர்களும் உறவினர்களும் சேர்ந்தே படையில் இணைந்த காலம் அது.

தேதியைப் படைப்பிரிவின் நகர்வோடு பொருத்திப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸ் என்ற ஐரிஷ் படைப்பிரிவின் முதல் பட்டாலியன் 1915 மார்ச் மாதத்தில் இங்கிலாந்தின் ஏவன்மவுத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி, ஏப்ரல் 25 அன்று துருக்கியின் கலிப்பொலியில் கரையிறங்கியது. அந்தப் பட்டாலியன் வீரர் ஒருவரின் உயிலில் அதே ஆண்டு மார்ச் தேதி இருந்தால், புறப்படும் நேரத்தில் அதை எழுதினார் என்று கொள்ளலாம். பட்டாலியன்களின் போர் நாட்குறிப்புகள் லண்டன் க்யூவிலுள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

எல்லாவற்றிலும் முக்கியமானது பெறுபவரின் பெயர். தாய்க்கு எழுதியிருந்தால் தேடல் எளிது என்று தோன்றும். ஆனால் தாயின் குடும்பப் பெயர் மகனுடையதிலிருந்து வேறாக இருந்தால் அங்கே நின்று யோசிக்க வேண்டும். பெரும்பாலும் தந்தை இறந்து தாய் மறுமணம் செய்திருப்பார். அப்படியானால் தந்தையின் இறப்புப் பதிவையும் தாயின் இரண்டாம் திருமணப் பதிவையும் தேட வழி பிறக்கிறது. பாட்டிக்கோ பெரியம்மாவுக்கோ எழுதியிருந்தால், வளர்த்தவர் அவராக இருக்கக்கூடும். 1901 கணக்கெடுப்பில் அந்தச் சிறுவன் எந்த வீட்டில் பதிவாகியிருக்கிறான் என்று பாருங்கள். அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ இருக்கும் அக்காவின் முகவரி இருந்தால், குடும்பத்தின் இன்னொரு கிளை எங்கே போனது என்பது ஒரே வரியில் கிடைத்துவிடுகிறது.

உறவுமுறை எதுவும் சொல்லாமல் ஒரு பெண்ணின் பெயர் மட்டும் இருக்கும் உயில்களும் உண்டு. அவர் மணக்கவிருந்த பெண்ணாக இருக்கலாம். மணமான சகோதரியாகவும் இருக்கலாம். சிறுவயதில் சோறு போட்டு வளர்த்த அண்டை வீட்டுப் பெண்மணியாகவும் இருக்கலாம். சான்று கிடைக்கும்வரை காதலி என்று கதை கட்டக் கூடாது. அந்தப் பெண்ணின் முகவரியை 1911 கணக்கெடுப்பில் தேடி, அவர் வயதையும் வீட்டாரையும் பார்த்த பிறகு, அவருக்கும் வீரரின் தாய்க்கும் ஏதேனும் உறவு உண்டா என்று திருமணப் பதிவுகளில் தேடுவதே நேர்மையான முறை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அன்றைய சட்டப்படி, உயில் எழுதிய பின் ஒருவர் திருமணம் செய்தால் முந்தைய உயில் ரத்தாகிவிடும். உயிலில் தாயின் பெயரும் பணம் பெற்ற பதிவில் மனைவியின் பெயரும் இருந்தால், அந்த இரண்டு தேதிகளுக்கு இடையே ஒரு திருமணம் நடந்திருக்கிறதா என்று பாருங்கள்.

உயிலிலிருந்து அடுத்த ஏடுகளுக்கு

பணம் உண்மையில் யாருக்குப் போனது என்பதைச் சொல்வது 1901 முதல் 1929 வரையிலான படைவீரர் உடைமைப் பதிவேடு. லண்டனிலுள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான இந்த ஏடுகளை 'ஆன்செஸ்ட்ரி' தளத்தில் சந்தா செலுத்திப் பார்க்கலாம். இறந்த தேதி, இடம், தொகை, பெற்றவரின் பெயர், உறவுமுறை ஆகியவை ஒரே வரிசையில் இருக்கும். பெற்றவரின் பெயருக்கு அருகே 'ஒரே உயில் பயனாளி' என்று பொருள்படும் ஆங்கிலச் சுருக்கம் இருந்தால், அந்த வீரர் உயில் எழுதியிருந்தார் என்பது உறுதி; உயில் நமக்குக் கிடைக்காவிட்டாலும் அதன் பயனாளி யார் என்பது தெரிந்துவிடுகிறது. உயில் இல்லாதவரின் பணத்தைத் தந்தை, தாய், உடன்பிறந்தார் என்று பல பேருக்குச் சிறுசிறு தொகையாகப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். குடும்ப வரலாற்றுக்கு இது இன்னும் நல்லது. உயிரோடிருந்த உடன்பிறப்புகள் அனைவரின் பெயரும், மணமான சகோதரிகளின் புதிய குடும்பப் பெயரும் ஒரே இடத்தில் அகப்படும். போருக்குப் பின் கொடுத்த பணிக்கொடை தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். அந்தத் தொகை பணிக்காலத்தின் நீளத்தைப் பொறுத்தது என்பதால், படையில் சேர்ந்த காலத்தை அதிலிருந்து ஓரளவு கணக்கிட முடியும். பணிப் பதிவேடு கிடைக்காதவர்களுக்கு இந்தக் கணக்கு மிகவும் உதவும். 1940 செப்டம்பரில் லண்டனில் குண்டுவீச்சால் எழுந்த தீயில், முதல் உலகப்போர் வீரர்களின் பணிப் பதிவேடுகளில் ஏறத்தாழ 60 சதவீதம் அழிந்துவிட்டன.

அடுத்து 1901, 1911 கணக்கெடுப்புகள். இரண்டும் அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசம். 1911 படிவத்தில், மணமான பெண்களிடம் திருமணமாகி எத்தனை ஆண்டுகள், பிறந்த குழந்தைகள் எத்தனை, உயிரோடிருப்பவர் எத்தனை என்று கேட்டிருக்கிறார்கள். படிவத்தில் ஐந்து பிள்ளைகள் பெயர் இருந்து, உயிரோடிருப்பவர் ஏழு என்று தாய் சொல்லியிருந்தால், வீட்டில் இல்லாத அந்த இருவரைத் தேட வேண்டும். அவர்களில் ஒருவர் அப்போதே படையில் இருந்திருக்கலாம். வெளிநாடுகளில் இருந்த பிரிட்டிஷ் படையினர் இங்கிலாந்தின் 1911 கணக்கெடுப்பில் தனியே பதிவாகியுள்ளனர். இந்தியாவில் இருந்த படைகளும் அதில் அடங்கும்.

அங்கிருந்து பின்னோக்கிச் செல்வது வழக்கமான கொடிவழித் தேடல்தான். அயர்லாந்தில் பிறப்பு, இறப்பு, திருமணம் அனைத்தும் 1864 முதல் அரசுப் பதிவில் உள்ளன. அரசின் ஐரிஷ் வம்சாவளித் தளத்தில் 100 ஆண்டு கடந்த பிறப்புகளையும், 75 ஆண்டு கடந்த திருமணங்களையும், 50 ஆண்டு கடந்த இறப்புகளையும் இலவசமாகப் பார்க்கலாம். வீரரின் பிறப்புச் சான்றில் தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயர் இருக்கும். வயதைக் கூட்டிச் சொல்லிப் படையில் சேர்ந்தவர்களின் உண்மை வயதும் அங்கேதான் வெளிப்படும். கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் 1880 வரை அயர்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் உள்ளன; பல பதிவுகள் லத்தீனில் இருப்பதால் பெயர்களின் லத்தீன் வடிவங்களை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

சென்னைத் தொடர்பு

மேலே சொன்ன ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸின் முதல் பட்டாலியன், கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ஐரோப்பியப் படையிலிருந்து வளர்ந்தது. ராயல் மதராஸ் ஃப்யூசிலியர்ஸ் என்ற பெயரில் இருந்த அந்தப் படை, 1881-இல் பம்பாய்ப் படையோடு இணைக்கப்பட்டு டப்ளின் பெயரைப் பெற்றது. 1914 ஆகஸ்டில் போர் தொடங்கியபோதும் அந்த பட்டாலியன் மதராஸில்தான் இருந்தது. அங்கிருந்துதான் இங்கிலாந்துக்குத் திரும்பி, பிறகு கலிப்பொலிக்குப் போனது. ஆகவே கலிப்பொலியில் இறந்த ஒரு டப்ளின் வீரருக்குச் சென்னையில் மனைவியோ குழந்தையோ இருந்திருக்க வாய்ப்பு உண்டு.

இப்படிப்பட்ட மூதாதையரைத் தேடும் சென்னைக் குடும்பங்கள், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மதராஸ் மாகாணத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவுகள் 'என் 2' என்ற வரிசையில் உள்ளன. இந்தியாவிலிருந்த ஐரோப்பியரின் உயில்கள் வேறொரு வரிசையில் உள்ளன. இரண்டிலும் பெரும்பகுதி 'ஃபைண்ட்மைபாஸ்ட்' தளத்தில் கிடைக்கிறது. சென்னை நந்தம்பாக்கத்திலுள்ள போர்க் கல்லறையில், முதல் உலகப்போர்க் காலத்தில் இறந்து வேறு இடங்களில் புதைக்கப்பட்ட 1,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறித்த நினைவுச் சின்னம் உண்டு. அங்குள்ள பெயர்களையும் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் தேடலாம்.

உயில் கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டாம். எல்லா வீரரும் உயில் எழுதவில்லை. எழுதிய சம்பளப் புத்தகம் உடலோடு சேற்றில் மறைந்துபோனதும் உண்டு. பெயரின் எழுத்துகளை மாற்றியும், குடும்பப் பெயரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் கொடுத்தும் மறுபடி தேடிப் பாருங்கள். சிலர் தாயின் குடும்பப் பெயரிலோ முற்றிலும் வேறு பெயரிலோ படையில் சேர்ந்திருக்கிறார்கள். அப்படி வேறு பெயரில் சேர்ந்தவர் என்று தெரியவந்தால், போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவில் அவருடைய உண்மைப் பெயரும் பெற்றோர் பெயரும் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆணையத்துக்கு எழுதித் திருத்தம் கோரலாம். அதற்குப் பிறப்புச் சான்றின் நகல், கணக்கெடுப்புப் படிவம், உயிலின் படம், உடைமைப் பதிவேட்டின் வரி ஆகிய நான்கையும், அவை ஒரே மனிதரைத்தான் குறிக்கின்றன என்பதை விளக்கும் ஒரு பக்கக் குறிப்போடு சேர்த்து அனுப்புங்கள்.